‘3’ என்று ஒரு கோப்பு இல்லையாம்

அந்த ஸ்கிரீன்ஷொட்டைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை, எல்லாரும் பார்த்துச் சிரித்தாயிற்று. கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியன் ஒருவன், சி மொழி நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கொம்பைலரான ஜிசிசிக்குக் கட்டளை கொடுக்கும்போது, நிரலை வேகமாக்கச் சொல்லும் ‘-O3’ ஒப்ஷனில் பெரிய ஓவுக்கும் 3 இற்கும் நடுவில் இடைவெளி விட்டுவிட்டான். 3 என்ற கோப்பைக் காணவில்லை என்று கொம்பைலர் சொன்னது. ஏன் என்று கேட்டான். “ஸ்பேஸ் எங்க விடுறது எண்டு தெரியாததுகளும் கோட் எழுத வெளிக்கிட்டுதுகள்” என்று ஓர் அண்ணை பதில் போட்டார். அதற்குச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

சிரித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்லும் சின்ன ஓவுக்குப் (-o) பிறகு இடைவெளி விட்டும் பெயரை எழுதலாம், விடாமலும் எழுதலாம். தலைப்புக் கோப்புகளை எந்த அடைவில் தேடுவது என்று சொல்லும் பெரிய ஐயும் (-I) அப்படித்தான். பெரிய ஓ என்றால் ஒட்டித்தான் எழுத வேண்டும் என்பதை அவன் எந்தச் சாத்திரியிடம் போய்க் கேட்பது?

கோளாறு அவன் மண்டையில் இல்லை. ஜிசிசியின் மூலக் கோட்டில் ‘.ஒப்ட்’ என்று முடியும் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் அதில் ஒரு சிறு பதிவு: பெயர், அதன் குணங்கள், உதவிக்கு ஒரு வரி. சின்ன ஓவுக்கு ‘ஜொயின்ட்’, ‘செப்பரேட்’ இரண்டும் போட்டிருக்கிறார்கள். ஒட்டியும் வரலாம், தனியாகவும் வரலாம். பெரிய ஓவுக்குப் போட்டிருப்பது ‘ஜொயின்ட் ஓர் மிஸ்ஸிங்’. ஒட்டி வந்தால் எடுத்துக்கொள், வராவிட்டால் மதிப்பே தரவில்லை என்று வைத்துக்கொள். ஆகவே தனியே நின்ற ஓ, வேகமாக்கும் 1 ஆம் நிலையான ஓ1 ஆகிவிட்டது. அநாதையாய் நின்ற 3 உள்ளீட்டுக் கோப்பின் பெயராகிவிட்டது. விதிப்படி எல்லாம் சரி. சொன்ன செய்திதான் ஒருவருக்கும் உதவாது.

கொம்பைலரே, எதை ஏற்பாய் என்று சொல். ஏற்காவிட்டால் எந்த இடம் பிழை என்று சொல். நான் கேட்பது இவ்வளவுதான்.

இது முடியாத காரியமும் இல்லை. அதே பதிவில் ‘இன்டிஜர் ரேஞ்ச்’ (முழு எண் வரம்பு) என்று போட்டு இரண்டு எல்லைகளைக் கொடுத்தால் போதும். ஆக் (awk) என்ற மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் அதைப் படித்து சி அட்டவணையாக்கிவிடும், சரிபார்ப்பதைப் பொதுவான கோட் பார்த்துக்கொள்ளும். நிரலின் ஒரு கிளை நிற்காமல் அடுத்ததற்குள் வழுக்கிப் போவதைச் சுட்டும் இம்ப்ளிசிட் ஃபோல்த்ரூ எச்சரிக்கைக்கு 9 கொடுத்துப் பாருங்கள்: 0 இற்கும் 5 இற்கும் இடையில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். குறித்த சில சொற்களை மட்டும் ஏற்கும் ஒப்ஷன் என்றால் அந்தச் சொற்களையும், வேறு ஏதாவது வந்தால் சொல்ல வேண்டிய வசனத்தையும் அங்கேயே எழுதலாம். சின்ன ஓவுக்குப் பிறகு ஒன்றுமே இல்லாவிட்டால் கோப்பின் பெயரைக் காணோம் என்கிறதே, அந்த வசனமும் அந்தப் பதிவிலேதான் இருக்கிறது. யாரோ ஒரு மனிதர், பிழைவிடப் போகிறவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறார்.

எல்லா இடத்திலும் யோசிக்கவில்லை. ஓ9 கொடுத்தால் ஜிசிசி வாய் திறக்காமல் ஓ3 போல நடந்துகொள்ளும். இன்னொரு கொம்பைலரான கிளாங் என்றால், அப்படி ஒரு நிலை இல்லை, ஓ3 ஐ எடுத்துக்கொள்கிறேன் என்று எச்சரிக்கும். டாப் நிறுத்தங்களுக்கு இடையில் எத்தனை எழுத்து என்று சொல்லும் ஜிசிசியின் டாப்ஸ்டொப்புக்கு 500 கொடுங்கள். 1 முதல் 100 வரைதான் செல்லும் என்பதால் ஓசைப்படாமல் ஒதுக்கிவிடும். அசட்டு மதிப்புகளைச் சத்தமில்லாமல் ஒதுக்குவது ஆவணத்தில் உள்ளதுதான் என்று மூலக் கோட்டிலேயே ஒரு குறிப்பு வேறு. அசடாம்!

“மனுவலைப் படிக்க வேண்டியதுதானே?” நூற்றுக்கணக்கான பக்கம். போன் திரையில், டேட்டா முடிவதற்குள். நீங்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

“இறுக்கிப் பிடித்தால் பழைய மேக்ஃபைல்கள் உடையும்.” கொம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்புகளைச் சொல்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. தெரியாத ‘டபிள்யூ நோ’ ஒப்ஷனை ஜிசிசி பொறுத்துக்கொள்வது அதற்குத்தான், புதிய எச்சரிக்கையை அணைக்கும் கட்டளை பழைய கொம்பைலரிலும் ஓட வேண்டுமே. ஆனால் அங்கேயும் வேறு ஏதாவது எச்சரிக்கை, பிழை வந்தால் இந்த ஒப்ஷன் எனக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொல்லிவிடும். சரி, அந்த ஒன்றை விடுகிறேன். மற்றதை விடமாட்டேன்.

“இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?” ஓம், கோபம்தான். அம்மாவின் விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் நிரப்பினேன். வீட்டு இலக்கம் கட்டாயமாம். எங்கள் குடியேற்றத் திட்டத்தில் வீதிக்கே பெயர் இல்லை, வாய்க்காலைச் சொல்லித்தான் வழி காட்டுவோம். கோடு போட்டேன், பூச்சியம் போட்டேன், காணித் துண்டின் இலக்கத்தைப் போட்டேன். ‘தவறான உள்ளீடு’ என்று ஒரு சிவப்பு வரி, எந்தக் கட்டம் என்று இல்லை. கந்தோருக்குப் போனால் “சிஸ்டம் எடுக்குதில்லை அம்மா, பிறகு வாங்கோ.” அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பினார். முகாமிலிருந்து வந்த காலம் தொட்டு அவருக்கு அது பழக்கம். ஏன் என்று கேட்காமல் வரிசையை விட்டு விலகத் தெரியும்.

அந்தப் பெடியன் விலகவில்லை. ஏன் என்று கேட்டான். அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியது, இனி வன்னிப் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள் என்று பதிவு போட்டவர்களும் நீங்கள்தான். ஒரு பிள்ளை வந்து ஒரு கேள்வி கேட்டால் பல்லைக் காட்டுகிறவர்களும் நீங்கள்தான்.

இதற்குக் கீழேயும் “மனுவலைப் பார்” என்று எழுதப் போகிற அண்ணைமார், எந்தப் பக்கம் என்றும் சேர்த்து எழுதுங்கோ.