பழைய ஒப்பந்தத்தையும் கொஞ்சம் பாருங்கள்

இந்தியாவும் இலங்கையும் புதிதாக ஒரு பொருளாதார ஒப்பந்தம் போட்டால் வணிகம் பெருகும் என்கிறது உங்கள் கட்டுரை. பெருகலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கிற தடையற்ற வணிக ஒப்பந்தம் என்ன ஆனது என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாமே?

1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடப்புக்கு வந்தது அது. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்து இங்கே வந்து குவிந்தது தேயிலையா, இலவங்கப்பட்டையா? வனஸ்பதியும் செம்பும்! இரண்டுக்கும் மூலப்பொருள் வெளிநாட்டுச் சரக்கு. அங்கே இறக்கி, கொஞ்சம் பதப்படுத்தி, நம் சுங்கவரியைத் தாண்ட ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான். டில்லி கெடுபிடி செய்ததும் அந்த ஏற்றுமதி படுத்துவிட்டது. இலங்கையின் சொந்தச் சரக்குக்கோ வரிச்சலுகையில் உச்சவரம்பு: தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ, ஆயத்த ஆடை 80 லட்சம் உருப்படி. (நீலகிரிக்கும் திருப்பூருக்கும் அதில் நிம்மதிதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?)

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது பெரிய விஷயம். ஆனால் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபரில் கொடியசைத்தார்கள். சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. அதில் ஒரு சிறு வியாபாரி எவ்வளவு சரக்கு கொண்டுபோகலாம், சுங்க வேலை அங்கேயே முடியுமா? புது ஒப்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். மீனவர் பிரச்சினையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோனதும் சரியில்லை.