யூத மழலையர் பள்ளி என்றாலே வேதபாட வகுப்பு அல்ல

"யூத மழலையர் பள்ளிகளில் வேதத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள், அவ்வளவுதான், பிற மதக் குழந்தைகளைச் சேர்க்கவே மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டையுமே பொதுவிதியாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் யூதச் சமூக மையங்கள் நடத்தும் பல மழலையர் பள்ளிகள் எல்லா மதத்துக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்கின்றன. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரில் உருவான, குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து செல்லும் கற்பித்தல் முறையைத் தழுவிய பள்ளிகளும் அவற்றில் உண்டு.

சமயம் இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. ஆனால் கைவேலையாகவும் விளையாட்டாகவும் வருகிறது. வெள்ளிக்கிழமை, யூதர்களின் வார ஓய்வுநாளான சபாத்துக்காகக் குழந்தைகள் ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து பின்னுகிறார்கள். ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாள் வந்தால் ட்ரைடல் என்னும், முகத்துக்கு ஓர் எழுத்துள்ள நான்கு முகப் பம்பரம். விழும் எழுத்தைப் பொறுத்து, நடுவில் குவித்திருக்கும் காசுகளில் எல்லாவற்றையும் எடுக்கலாம், பாதி எடுக்கலாம், ஒன்று வைக்க வேண்டும், அல்லது ஒன்றுமே கிடையாது. நான்கு வயதுக் குழந்தைக்குப் 'பாதி' என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்தில், அந்த இரவு ஏன் வேறுபட்டது என்னும் நான்கு கேள்விகளைப் பாட்டாகக் கேட்பதும் மரபுப்படி வீட்டின் கடைசிக் குழந்தைதான். அந்தப் பாட்டைப் பெரும்பாலும் பள்ளியிலேயே பழகிவிடுகிறார்கள்.

கடும் ஆசாரம் பேணும் யூதர்களான ஹரேதி சமூகத்தின் ஹேதர் என்னும் சமயப் பாட வகுப்புகளில் சிறுவர்கள் மூன்று வயதிலேயே எழுத்துப் படிக்கத் தொடங்குவது உண்மை. அது ஒரு பிரிவின் வழக்கம். இஸ்ரேலிலேயே அரசு மழலையர் பள்ளிகள் பொது, சமயம் எனத் தனித்தனியாக இயங்குகின்றன.