ஆலோசனைக் குழுவில் ஆலோசனை மட்டும் வேண்டாமாம்

பெயர் என்னவோ முன்னாள் மாணவர் ஆலோசனைக் குழு. சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது; நான் கேட்கவும் இல்லை. ஆலோசனையையாவது கேட்கலாம் அல்லவா? பத்து மணிக்குக் கூட்டம் என்பார்கள். துணைவேந்தர் வரும்வரை குத்துவிளக்கும் காத்திருக்கும், நாமும் காத்திருப்போம். பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம். பாடத்திட்டத்தில் எது காலாவதியாகிவிட்டது என்று ஒருவராவது வாய்தவறிக் கேட்டிருப்பாரா? நாமாகச் சொன்னால், "அருமையான யோசனை சார், குறித்துக்கொள்கிறோம்." எங்கே குறிக்கிறார்கள், நீர்மேலா? கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் நான் சொன்ன குறை இருக்காது. சொல்லாத பாராட்டு இருக்கும்!

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் 'நாக்' மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் நம்மீது பாசம் பொங்கி வழியும். அந்த மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கும் மதிப்பெண் உண்டே! உடனே தொலைபேசி: "பழைய வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது சார்." விட்டுப்போனது கையெழுத்தா, கூட்டமேவா?

நன்கொடைப் பேச்சு மட்டும் ஒருநாளும் தாமதமாவதில்லை. நன்றியுரை முடிவதற்குள் திரையில் கியூஆர் குறியீடு வந்துவிடும். வருமான வரிச் சலுகைக்கு ரசீதும் உண்டாம், என்ன ஒரு கரிசனம்! விடுதிக் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றேன். "அது வேறு பிரிவு சார், நாம் அலங்கார நுழைவாயிலைப் பற்றிப் பேசுவோம்" என்றார்கள். நுழைவாயிலில் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிப்பார்களாம். தாழ்ப்பாளில் பெயர் பொறிக்க ஏது இடம்?