ஃபில் பவர் எண் மட்டும் கதகதப்பைச் சொல்லாது

ஃபில் பவர் 800 உள்ள தூவி ஜாக்கெட் (வாத்து போன்ற பறவைகளின் மென்மையான உள்ளிறகு அடைத்தது) எப்போதும் 650-ஐ விடக் கதகதப்பானது என்று பகிரப்படுகிறது. அது சரியல்ல. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதே அந்த எண். உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டாது. குளிரைத் தடுப்பதோ தூவிக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான். ஆகவே ஃபில் பவர் எண்ணையும் அடைத்த தூவியின் எடையையும் பெருக்கிப் பாருங்கள்.

800 × 60 கிராம் = 48,000
650 × 110 கிராம் = 71,500

தையலும் வெட்டும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டாவதே கூடுதல் கதகதப்பு. ஆனால் எடை கூடும், சுருட்டினால் பையில் இடமும் அதிகம் பிடிக்கும். 800-இன் உண்மையான ஆதாயம் அங்கேதான். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அடைத்த தூவியின் எடையைத் தேடுங்கள். ஜாக்கெட்டின் மொத்த எடை வேறு. தயவுசெய்து அதை வைத்துப் பெருக்காதீர்கள். ஒரே சைஸையே ஒப்பிடுங்கள்.