குளித்தலையும் முசிறியும் ஒரே ஊர்தான்

குளித்தலையின் மக்கள்தொகை என்ன என்று தேடினால், 2011 கணக்கெடுப்புப்படி ஏறக்குறைய 28 ஆயிரம் என்று வரும். காவிரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முசிறிக்கும் 28 ஆயிரத்துச் சொச்சம்தான். தமிழ்நாட்டு நகரங்களின் பட்டியலில் இரண்டும் எங்கோ கீழே கிடக்கின்றன. எந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு போனாலும், "உங்கள் ஊருக்கு அவ்வளவு ஜனம் இல்லையே" என்ற பதில் தயாராக இருக்கிறது. எண்களில் பிழையில்லை. அவற்றைத் தனித்தனியாக வாசிப்பதில்தான் பிழை. முசிறிக்காரனாக இதைப் பல வருடங்களாகப் பேசிவருகிறேன். புதிய கணக்கெடுப்பு நெருங்கும்போது இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மாயனூருக்குக் கிழக்கே முக்கொம்பு வரை காவிரிக்கு அகண்ட காவிரி என்று பெயர். அந்த அகலத்தின் தென்கரையில் குளித்தலை, வடகரையில் முசிறி. குளித்தலைக் கடம்பவனேசுவரர் கோயில் வடக்கு நோக்கி, ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. காவிரிக் கரையோரம் நடந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஆற்றை ஒட்டிய நிலம் மேடாக இருக்கும், உள்ளே போகப் போகத் தாழும். வெள்ளம் கரை மீறும்போது வேகம் குறைந்து, பருமணலையும் வண்டலையும் முதலில் கரையிலேயே போட்டுவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் சேர்ந்த மேட்டில்தான் காவிரிக்கரையின் பழைய தெருக்களும் கோயில்களும் பெரும்பாலும் அமைந்தன. பின்னால் தாழ்ந்த பகுதி நஞ்சை. தெற்கே தென்கரை வாய்க்காலும் கட்டளை மேட்டு வாய்க்காலும், வடக்கே வடகரை வாய்க்காலும் அதற்குத் தண்ணீர் தருகின்றன. எனவே இந்த ஊர்கள் பரவி வளரவில்லை, கரையோடு நீண்டு வளர்ந்தன. குளித்தலையில் ஆறு, ரயில் பாதை, கரூர் சாலை மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுகின்றன. ஊர் அவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஒட்டிக் கிடக்கிறது.

நல்ல நிலமெல்லாம் வயலாகவும் வெற்றிலைக் கொடிக்காலாகவும் வாழைத் தோட்டமாகவும் இருப்பதால் நகர எல்லைக்குள் ஜனம் குறைவாகத் தெரிகிறது. சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். ஆனால் சட்டப்படி நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ அறிவிக்கப்படாத ஓர் ஊரை நகரமாகக் கணக்கில் கொள்ள, கணக்கெடுப்புத் துறை மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மக்கள்தொகை 5,000 ஆவது இருக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். முழுநேரத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத வேலை செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் மூன்றாவதில்தான் சிக்கல். ஜனம் நெருங்கி வாழும் ஊர் கூட, ஆண்கள் கொடிக்காலுக்குப் போகிறார்கள் என்பதற்காகக் கிராமமாகவே நிற்கும்.

அந்த 75 சதவீதத்தில் பெண்களின் உழைப்புக்கு இடமே இல்லை. இது எனக்கு ஆறாத ஆதங்கம். அகத்தியில் படர்ந்த கொடியிலிருந்து கிள்ளி வந்த வெற்றிலையைத் தரம் பார்த்து, நூறு நூறாக எண்ணிக் கவுளியாக அடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? பேச்சு நிற்காது, எண்ணிக்கையும் தவறாது. கோரையை அறுத்து, கிழித்து, காய வைத்துப் பாயாக நெய்யும் வீடுகளிலும் பாதிக்கு மேல் வேலை பெண்களுடையது. ஓர் ஊர் நகரமா இல்லையா என்று தீர்மானிக்கும்போது இவர்கள் யாரையும் கேட்பதில்லை.

இனி ஆற்றைத் தாண்டுவோம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாலத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். வாழை இலைக் கட்டை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவர், பஸ் படிக்கட்டில் தொற்றி நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள், ரயிலைப் பிடிக்க விரையும் குடும்பங்கள். முசிறியில் ரயில் நிலையம் இல்லை. எங்களுக்கு ரயில் என்றால் குளித்தலைதான். அரசு கலைக் கல்லூரி முசிறியிலும் இருக்கிறது, குளித்தலைக்குத் தெற்கே அய்யர்மலையிலும் இருக்கிறது. விரும்பிய பாடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே பிள்ளைகள் போகிறார்கள். பெண் கொடுப்பது, எடுப்பது, துணி வாங்குவது, டாக்டரைப் பார்ப்பது என்று எதற்கும் ஆறு எல்லையாக இருந்ததில்லை.

நிர்வாகத்துக்கு மட்டும் ஆறு எல்லை. ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் கரூர் பிரிந்தது. இன்று குளித்தலை கரூர் மாவட்டத்தில், முசிறி திருச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குள் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஓட்டுக்கு ஒன்று சேர்க்க முடிகிற மக்களைத் திட்டத்துக்கு ஒன்று சேர்க்க முடியாதா? மேட்டூரில் லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் இரு கரையையும் ஒரே நேரத்தில்தான் தொடுகிறது. எச்சரிக்கையோ இரண்டு கலெக்டர் அலுவலகங்களிலிருந்து தனித்தனியாக வருகிறது. படுகையில் மாடு கட்டியிருப்பவருக்கு அக்கரை நிலவரம் உறவினர் போனில் சொன்னால்தான் தெரியும்.

நடுவில் ஆறு இருந்தால் ஒரே நகரமாகக் கருத முடியாது என்பவர்கள் திருச்சியைப் பார்க்கட்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் 1994இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. தாமிரபரணியின் இரு கரைகளில் இருக்கும் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் சேர்த்துவைத்தது. இன்று இரண்டும் ஒரே மாநகராட்சி. மாவட்ட எல்லை குறுக்கிடுகிறதே என்றால், 2011 கணக்கெடுப்பில் சென்னை பெருநகரத் தொகுதி (ஒட்டி வளர்ந்த ஊர்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் நகரப் பரப்பு) சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் என மூன்று மாவட்டங்களில் பரவியிருந்தது. பெரிய ஊருக்குப் பொருந்துகிற நியாயம் சின்ன ஊருக்கும் பொருந்தும்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நகராட்சிகளை இணைக்கச் சொல்லவில்லை. அவரவர் மன்றமும் வரியும் அவரவரிடமே இருக்கட்டும். மாவட்ட எல்லையை மாற்றவும் சொல்லவில்லை. கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறைய வைத்துவிட்டார்கள். நான் கேட்பது ஓர் அட்டவணை. இரண்டு நகராட்சிகளையும், பாலத்தை நம்பி வாழும் இரு கரைக் கிராமங்களையும் சேர்த்து ஒரு மொத்தம். நகராட்சிகள் இரண்டை மட்டும் கூட்டினாலே 2011இல் 56 ஆயிரம் பேர். மருத்துவமனைப் படுக்கை, ரயில் நிறுத்தம், பஸ் தடம், குப்பைக் கிடங்கு, குடிநீர் எதைத் திட்டமிட்டாலும் தொடக்கப்புள்ளி 28 ஆயிரமாக இருப்பதற்கும் 56 ஆயிரமாக இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்தப் பழைய எண்களோடுதான் இத்தனை வருடம் மல்லுக்கட்டினோம். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டது. அதன் எண்கள் வார்டு வாரியாக, கிராம வாரியாக வந்ததும் இரு கரை மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்த மொத்தத்தைப் போட வேண்டும். பிறகு ஒரே மனுவாக இரண்டு கலெக்டர்களிடமும், நம் இரு தொகுதிக்கும் பொதுவான நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுக்க வேண்டும். கூட்டத்தைக் குளித்தலையில் வைத்தாலும் சரி, முசிறியில் வைத்தாலும் சரி, நான் வருகிறேன்.