சிரிச்சா தத்துவம் ஆகாதா?

ஞாயிற்றுக்கிழமை தத்துவக் கூட்டத்தில் ஒரு டிவி தொடரை வைத்து நான் பேசியபோது நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். 'சீரியல் பார்த்துட்டு தத்துவம் பேச வந்துடறாங்க' என்று ஒரு மூத்தவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு காதிலேயே நிற்கிறது.

நான் பேசியது 'தி குட் பிளேஸ்' பற்றி. 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் வந்த நகைச்சுவைத் தொடர். சுயநலமாகவே வாழ்ந்து செத்துப்போன எலினார், ஆள் மாறி நல்லவர்களுக்கான இடத்துக்கு வந்துவிடுகிறாள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சிடி என்கிற அறவியல் பேராசிரியரிடம் பாடம் கேட்கிறாள். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி உள்ளே இறங்கிவிடுகிறது.

அந்தத் தொடரில், செத்தபிறகு எங்கே போவோம் என்பதை நாம் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் கிடைக்கிற புள்ளிதான் முடிவு செய்கிறது. மூன்றாவது சீசனில் ஓர் இடம். 1534-ல் ஒருவன் பாட்டிக்கு ரோஜாப்பூ கொடுக்கிறான், 145 புள்ளி கிடைக்கிறது. 2009-ல் இன்னொருவன் அதையே செய்கிறான், 4 புள்ளி போகிறது. பூ ஆர்டர் செய்த செல்போன், செடிக்கு அடித்த மருந்து, பறித்தவர்களின் கூலி, எல்லாவற்றிலும் யாருக்கோ கேடு.

இதை அம்மாவிடம் சொன்னேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தாத்தா எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடித்தவர். அம்மா பூண்டு உரித்தபடியே கேட்டுவிட்டு, 'அப்போ கொசஸ்தலை ஆத்துல கரண்ட் தயாரிக்கிற சாம்பல் சேர்ந்ததுக்கு நம்ம வீட்டு ஃபேனும்தான் காரணமாடி?' என்றார். ஃபேனை நிறுத்தவில்லை, வெயில் அப்படி. ஆனால் அன்று ராத்திரி தூங்கப் போகும்வரை அதைத்தான் பேசினோம். இது தத்துவம் இல்லையென்றால் வேறு எது?

'மூலநூலைப் படி' என்பீர்கள். படிக்கிறேன். அமெரிக்கத் தத்துவவாதி ஸ்கான்லன் 1998-ல் எழுதிய அறவியல் புத்தகத்தின் பெயரே எனக்கு சிடி சொல்லித்தான் தெரியும். பமீலா ஹிரோனிமி, டாட் மே என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் அந்தத் தொடருக்கு ஆலோசனை சொன்னார்கள், கடைசி எபிசோடில் தலைகாட்டவும் செய்தார்கள். அவர்களுக்கு நகைச்சுவை இழிவாகத் தெரியவில்லை.

அரை மணி நேரத்துக்குள் சொல்வதால் மேலோட்டமாகப் போகிறது என்றால், சரி, சில இடங்களில் அப்படித்தான். ஆனால் 'அமெரிக்கச் சரக்கு' என்று தள்ளிவிடுவதை ஏற்கவே மாட்டேன். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் பற்றிப் பேசுகிறவரிடம் யாரும் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை.

என்னிடம் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவர், 'நீங்க எந்த ஏரியா?' என்றார். தண்டையார்பேட்டை என்றேன், வடசென்னையில் உழைப்பாளிகள் வாழும் பகுதி. 'ஓ' என்றார். மூத்தவர் சொன்னதைவிட அந்த 'ஓ'தான் வலித்தது. நாங்கள் பார்த்தால் பொழுதுபோக்கு, அவர்கள் பார்த்தால் ஆய்வா?

அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஃபேன் கேள்விக்கு அங்கே யாராவது பதில் சொல்லுங்கள்.