பஃபரைப் பெரிதாக்கினால் தீராது

உங்கள் கட்டுரையில் சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கில் பேசும் முனை) ரிசீவ் பஃபரை, அதாவது வரும் டேட்டாவை வாங்கி வைக்கும் இடத்தை, 1024 பைட்டிலிருந்து 4096 ஆக்கினால் செய்தி பாதியில் அறுபடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். டேட்டாவைத் தொடர் ஓட்டமாகக் கொண்டுபோகும் டிசிபி முறைக்கு அது பொருந்தாதுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, நிட்டிங் மெஷின்களிலிருந்து உற்பத்திக் கணக்கை சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் எழுதியபோது நானும் இதையேதான் செய்தேன். ஆபீஸில் சோதித்தபோது ஒரு செண்டுக்கு ஒரு ரிசீவ் என்று ஒழுங்காக வந்தது, ஷெட்டில் போட்டதும் ஒரு செய்தியின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டிக்கொண்டு வந்தன.

டிசிபி காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, மேலே எத்தனை குடமாக ஊற்றினார்கள் என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் வைத்து அனுப்புங்கள். வாங்கும் பக்கம் முதலில் அந்த 4 பைட்டும் சேரும் வரை லூப் ஓட வேண்டும், ஏனென்றால் அதுவே துண்டாக வரலாம், அப்புறம் அது சொல்லும் அளவு சேரும் வரை. ரிசீவ் 0 திருப்பினால் எதிர்ப்பக்கம் அனுப்புவதை முடித்துவிட்டது, வெளியே வந்துவிடுங்கள். வந்த நீளத்தை அப்படியே நம்பி மெமரி ஒதுக்காதீர்கள், ஒரு உச்சவரம்பு வேண்டும்.

யுடிபி வேறு, அது ஒவ்வொரு செய்தியையும் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பும் முறை. அங்கே பஃபர் சின்னதாக இருந்தால் மீதி பைட்டுகள் போனது போனதுதான், அடுத்த ரிசீவிலும் வராது. ஐபிவி4-ல் (இணைய முகவரி முறையின் பழைய பதிப்பு) ஒரு பொட்டலத்தில் டேட்டா அதிகபட்சம் 65,507 பைட், பஃபரை 65,536 வைத்தால் போதும்.

இன்னொன்று, நீளத்தை எழுத்துக் கணக்கில் எண்ணாதீர்கள். 'பனியன்' நம் கண்ணுக்கு 4 எழுத்து, எழுத்தை பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். எனக்கு ஒரு நாள் முழுக்க இதில்தான் போனது.